கடைசித் தட்டு

"கிருமியோட சவ்வை மட்டும் ஓட்டை போடுற புரதத் துணுக்கு கேட்டா, நம்ம ரத்த அணுவையும் சேர்த்து உடைச்சு வெச்சிருக்கே! இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?"

நேற்று பேராசிரியர் போட்ட சத்தத்தில் ஆய்வு மாணவி சோதனைத் தட்டுகளின் மேல் குனிந்தபடியே நின்றாள்.

இன்று கடைசித் தட்டைப் பார்த்தவருக்குத் தலைகால் புரியவில்லை. ரத்தம் கலந்த ஜெல்லின் மேல் கிருமி படர்ந்திருந்தது. நடுவில் மட்டும் பொட்டளவு இடத்தில் கிருமியே இல்லை. ரத்தமோ சிவப்பு மாறவில்லை.

"பிரமாதம்மா! இது எந்த மருந்து?"

"அதுல நான் எதையும் விடல சார்."

"விளையாடாதே. ஏதோ விழுந்திருக்கு!"

"விழுந்துச்சு சார். நேத்து நீங்க கத்தினப்போ, என் கண்ணுலேர்ந்து."

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு சொட்டு கிடைக்குமாம்மா?"

"இப்படிக் கொஞ்சிக் கேட்டா எப்படி சார் வரும்?"