ஒற்றைக் காலில் நிற்பது

“கலியுகத்துல தர்மம் ஒத்தக் கால்ல நிக்குதுன்னா, அதுக்குக் கால் வலிக்காதாம்மா?” என்று மகள் ஒருநாள் கேட்டது கெங்கம்மாவுக்கு நினைவு வருகிறது. திருவொற்றியூர்ச் சந்தில் அடிபம்பு ஒற்றை இரும்புக் காலில் நிற்கிறது. ஆலைப் புகையைக் கடந்து வந்த வெயில் அதன் ஈரத்தில் மினுங்குகிறது. இன்னும் ஒரு குடத்துக்குத்தான் தண்ணீர் வரும். வரிசையில் முன்னால் பக்கத்து வீட்டு ஐரீனின் குடம் இருக்கிறது; அடுத்தது கெங்கம்மாவுடையது. ஐரீன் வேலையிலிருந்து திரும்பவில்லை. “ஆளே இல்லாத கொடத்தத் தள்ளிட்டு உன்னுத ரொப்பிக்கோக்கா. கலி முத்திப்போச்சு, யாரு கேக்கப்போறா?” என்று சிரித்தபடி சங்கமித்ரா தன் குடத்தை இடுப்பில் ஏற்றுகிறாள். “கொடம் நின்னா ஆளு நின்ன மாரிதான், போடி,” என்கிறாள் கெங்கம்மா. சங்கமித்ரா போனதும் சந்து வெறிச்சோடுகிறது. முன்பு கெங்கம்மா காய்ச்சலில் கிடந்த நாளில் அவள் வாசலில் ஒரு நிறைகுடம் இருந்தது. வைத்தவர் பெயர் சொல்லவில்லை. மூடியிருந்தது மட்டும் ஐரீன் வீட்டுத் தட்டு. திருப்பித் தர இன்று அதைத் தன் குடத்தின் மேல் வைத்து எடுத்து வந்திருக்கிறாள். கெங்கம்மா பம்பை அடிக்கிறாள். பூமிக்கடியிலிருந்து கடைசித் தண்ணீர் நடுங்கி ஏறி, ஐரீனின் குடத்தில் வானத்தோடு தளும்புகிறது. ஈரமான இரும்புக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். குடத்தை ஐரீன் வாசலில் இறக்கி, அதே தட்டால் மூடிவிட்டு, தன் காலிக்குடத்தோடு வீட்டுக்கு நடக்கிறாள்.