உப்புத் தெரியாத ஓட்டல்

"மணி பதினொண்ணு ஆவுது. மகாராணி இன்னும் எழுந்திருக்கல!"

கீழே மாமியார் ஜைத்தூன் பீயின் குரல். மாடியில் படுத்திருந்த சாயிரா பானுவுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. கேட்கட்டும் என்றுதானே அந்தச் சத்தமே!

"அறுபத்தேழு வயசுல நான் நோன்பு பிடிக்கிறேன். முப்பத்தோரு வயசுல இது கட்டிலே கதின்னு கிடக்குது. எல்லாம் என் தலையெழுத்து!"

சாயிரா ஏழு மணிக்கே எழுந்துவிட்டாள். பல் தேய்த்தாள், தலை வாரினாள். அத்தோடு அன்றைய தெம்பு தீர்ந்தது. மறுபடி வந்து விழுந்தவள்தான்.

லூப்பஸ் என்று டாக்டர் பெயர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்போடு மல்லுக்கு நிற்கிற நோயாம். மூட்டு வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த அசதியைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. தூங்கினால் போகிற அசதியா இது? ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாலும் இருபதைத் தாண்டாத பழைய போன் மாதிரி உடம்பு. அந்த இருபதை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்ட வேண்டும். வெங்காயம் உரித்தால் கொஞ்ச நேரம் படுக்கை, துணி மடித்தால் கொஞ்ச நேரம் படுக்கை. பார்க்க ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள். பிறகு யார் நம்புவார்கள்?

ரமலான் மாதம் வந்தால் இன்னும் சங்கடம். "மாத்திரையை வெறும் வயித்துல போடக் கூடாது. நோன்பே வேணாம்மா" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடே நோன்பில் இருக்க, தான் ஒருத்தி மட்டும் மதியம் உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஓட்டலில் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னான் கணவன் நசீருதீன். மதியத் தொழுகைக்காகத் தன் கடையை மூடிவிட்டு வருகிறவன், டிபன் கேரியரை மாடிக் கதவில் மாட்டிவிட்டுப் போவான்.

அந்த ஓட்டல்காரனுக்கு எல்லாம் வந்தது, உப்பு மட்டும் கைவரவில்லை. ஒரு நாள் குழம்பு வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். மறுநாள் உப்பே இருக்காது.

"என்ன ஓட்டலுங்க இது? முந்தாநாள் ஜாஸ்தி, இன்னைக்கு கம்மி!" என்று நேற்றுகூடக் கேட்டாள்.

"பௌர்ணமி வருதில்ல? கிரிவலக் கூட்டத்துல அவனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல போல" என்று நசீருதீன் சமாளித்தான்.

இன்று வாசலில் பக்கத்து வீட்டு ரேணுகாம்பாளின் குரல் கேட்டது.

"கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்க்கா."

"அஞ்சு மணிக்குள்ள வந்துடு ரேணுகா. கஞ்சிக்கு உப்பு பாக்க ஆள் வேணும்."

"உங்க மருமகளும் நோன்பாக்கா?"

சாயிரா தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"அதை ஏன் கேக்கற? விடு" என்றாள் ஜைத்தூன் பீ.

சாயிராவுக்குச் சுருக்கென்று தைத்தது. வெளியில் சொல்லக்கூட வெட்கப்படும்படி ஆகிவிட்டேனா? சரி, இன்றைக்கு நானும் நோன்பு. சோறும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், இந்தப் பேச்சும் வேண்டாம்.

மதியம் கேரியர் வந்தது. அவள் தொடவில்லை.

நாலு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். இரண்டாவது வெங்காயத்தில் கத்தி நழுவியது. மூன்றாவதில் சமையலறையே சுற்றியது. அப்படியே சுவரோரம் சரிந்தாள்.

"சாயிரா!" ஜைத்தூன் பீ ஓடி வந்து தாங்கிக்கொண்டாள். "என்னம்மா ஆச்சு? மாத்திரை போட்டியா?"

"இல்ல மாமி... நானும் இன்னைக்கு நோன்பு."

மாமியாரின் முகம் மாறியது. முட்டி வலி என்று மாடிப் பக்கமே வராதவள், விறுவிறுவென்று ஏறிப் போய், திறக்காத கேரியரோடும் மாத்திரையோடும் இறங்கி வந்தாள்.

"யாரைக் கேட்டுடி நோன்பு பிடிச்ச?"

"நீங்கதானே மாமி தினம்..."

"நான் ஆயிரம் புலம்புவேன்! இந்த வயசுல ஒரு பொண்ணு இப்படிப் படுத்துக் கிடந்தா எனக்கு வயிறு எரியாதா? வயித்தெரிச்சல்ல வாய் என்னத்தையாவது உளறும். அதுக்காக மாத்திரையை நிறுத்துவியா? சீக்காளிக்கு நோன்பு வேணாம்னு அல்லாவே விட்டுட்டான். அதுக்கு மேல நீ யாருடி?"

சோற்றைப் பிசைந்து அவளே ஊட்டினாள். இரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்த அழுகை சாயிராவுக்கு முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"இன்னைக்கும் உப்பே இல்ல மாமி. அந்த ஓட்டலை மாத்தச் சொல்லணும்."

ஜைத்தூன் பீக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நோன்பு வாயை வெச்சிக்கினு நான் எப்படிடி உப்பு பாக்கறது?"