எலும்பு சொன்ன குரூப்

"உம் மவன் எங்க ஒளிஞ்சிருக்கான்? உள்ளதைச் சொல்லிரும்மா!"

இன்ஸ்பெக்டர் ஸ்ரீஜித்தின் குரலில் ஓட்டு வீடே அதிர்ந்தது. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்ற லிஜின், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"எனக்கு அறியாது சாரே," என்றாள் அவன் அம்மா லீலாபாய். "ஒம்பது வருசமாச்சு, ஒரு போன்கூட இல்ல."

"கேரளாவுல பாலா பக்கம் பேரை மாத்திட்டு ரப்பர் வெட்டிட்டுக் கிடப்பான் சார்," என்று சிரித்தார் கான்ஸ்டபிள் ரதீஷ். "அம்மைக்க மீன்கொழம்பு திங்க மட்டும் பைய வந்துட்டுப் போவான்."

சொல்லிக்கொண்டே அடுக்களைக்குள் தலையை நீட்டினார். அவருடைய காக்கிச் சட்டையின் வியர்வை நெடி லிஜினின் முகத்தில் அடித்தது. ஏனோ ரதீஷுக்கு உடம்பு சிலிர்த்தது. சட்டென்று திரும்பிவிட்டார்.

"ஆருமில்ல சார்."

ஸ்ரீஜித் கையிலிருந்த ரிப்போர்ட்டை விரித்தார்.

"கேளும்மா. உம் மவனோட கூட்டாளி எபின் துபாய்க்குப் பிளேன் ஏறுறதுக்கு முந்தின நாள், அவனும் உம் மவனும் கல்லு வெட்டின பள்ளத்துல தண்ணி நின்ன பாறைமடைக்குக் குளிக்கப் போனாங்க. ரெண்டு பேருமே திரும்பல. போன மாசம் மடைத் தண்ணிய இறைச்சப்போ ஒரே ஒரு ஆளோட எலும்புதான் கிடைச்சுது. மண்டை உடைஞ்சிருக்கு. செத்தது ஒருத்தன்னா, அடிச்சது மத்தவன்!"

"செத்தது ஆருன்னு எப்படி சாரே தெரியும்?"

"எலும்பு ஊறிப்போனதுல டி.என்.ஏ. கிடைக்கல. ஆனா பொடிச்சுப் பார்த்து ரத்த குரூப் கண்டுபிடிச்சுட்டாங்க. பி குரூப். எபினோட துபாய் மெடிக்கல் கார்டை அவங்க அம்மா ராகேல் பத்திரமா வச்சிருந்தாங்க. அதுலயும் பி! சரி, உம் மவன் குரூப் என்ன?"

"அவன் ஆசுபத்திரி வாசலே மிதிச்சதில்லியே சாரே..."

"அப்ப சந்தேகமே இல்ல. நாளைக்கு எபினை சர்ச் கல்லறையில அடக்கம் பண்றாங்க. கொலைகாரன்னு உம் மவன் போட்டோவை அருமனை ஜங்ஷன்ல ஒட்டப்போறோம்."

லிஜின் பல்லைக் கடித்தான். வெளியே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா?

லீலாபாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோழி அறுத்தாலே கண்ணை மூடிக்கிடுவான் சாரே எம் புள்ள. இந்தப் பேரைக் கேக்கதுக்கு, அந்த எலும்பு அவனுக்கதா இருந்திருக்கப்பிடாதா?"

அதற்கு மேல் லிஜினால் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து வந்து வாசலை மறித்து நின்றான்.

"சாரே! எபினுக்கு அப்போ மஞ்சக்காமாலை! மெடிக்கல்ல தோத்துருவான்னு, அவன் பேரைச் சொல்லி ரத்தம் குடுத்தது நானாக்கும்! கார்டுல உள்ளது எனக்க ரத்தம்!"

"வா ரதீஷ், போலாம்," என்ற ஸ்ரீஜித், தொப்பியைச் சரிசெய்தபடியே லிஜினின் ஊடாக நடந்துபோய் ஜீப்பில் ஏறினார்.