ஏழாவது பங்கு

அன்று காலை வார்சிக் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: வார்சிக், எல்லைக் காவலிலிருந்து உயிரோடு திரும்பிய அவள் மகன் ஹமோ, வாத்தியார் ரஸ்மிக், பெனிக், அவன் மனைவி ஸனம், நான், மற்ற மூன்று வீடுகளிலிருந்து ஆளுக்கொருவர். ஆக ஒன்பது பேர். ஒரு கிடா.

கிடா வார்சிக்கின் நேர்த்திக்கடன். கிடா வெட்டினால் ஏழு வீட்டுக்குப் பங்கு போக வேண்டும். போருக்குப் பிறகு எங்கள் ஊரில், அவள் வீடு நீங்கலாக, அடுப்பு எரிவது ஆறு வீட்டில்தான். பக்கத்து ஊருக்குப் போகும் பாதையையும் அடைத்துவிட்டார்கள்.

"சேவல்னா மூணு வீடு போதும்," என்றார் வாத்தியார்.

"பிள்ளை உசுருக்குக் கிடா தரேன்னு வேண்டிக்கிட்டு, சேவலை நீட்டச் சொல்றீங்களா?" வார்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப மேல காவல் சாவடிக்கு ஒரு பங்கு அனுப்பு."

"மாமியார் இல்லாத இடமெல்லாம் வீடா, வாத்தியாரே?" என்றாள் ஸனம்.

"நீ ஒருத்தி இருந்தா மாமியார் எதுக்கு?" என்றான் பெனிக்.

"என்ன சொன்னே?"

"உன் சூப்பைக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சுன்னு சொன்னேன்."

"உன் குறட்டையில எனக்குக் காது செத்து நாப்பது வருஷமாச்சு. எதிர்வீடு காலியாத்தான் கிடக்கு. போய் அங்க படுத்துக்கோ."

எதிர்வீட்டுக்காரர்கள் தலைநகர் யெரெவானுக்குக் குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. பெனிக் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போனான், மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டான், தெருவைத் தாண்டிப் போயே விட்டான்.

"நல்ல நாளும் அதுவுமா, பேரன் எடுத்த வயசுல வெட்கமா இல்ல?" வாத்தியார் ஸனத்தைத் திட்டினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள், வெட்டுவதற்கு முன் கொடுக்க வேண்டிய, பாதிரியார் ஆசீர்வதித்த உப்பைக் கிடாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் எதிர்வீட்டுப் புகைக்கூண்டிலிருந்து புகை கிளம்பியது. புகை வருகிற வீடுகளைத் தினமும் எண்ணுவது என் பழக்கம். எண்ணினேன். இன்னொரு முறையும் எண்ணினேன்.

"வார்சிக், ஏழு," என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கிடாவே திரும்பிப் பார்த்தது.

"இதுங்க சண்டையாலயும் ஒரு நல்லது," என்றார் வாத்தியார்.

சாயங்காலம் ஏழாவது பங்கை நான்தான் பெனிக்கிடம் கொண்டுபோனேன். நாலு வார்த்தை புத்தி சொல்லவும் யோசித்து வைத்திருந்தேன்.

கதவு திறந்திருந்தது. தரையைக் கழுவியிருந்தார்கள். ஜன்னலில் துவைத்த திரை. அடுப்போரம் விறகு, ஸனம் அடுக்குகிற முறையில், கட்டை கீழே, சுள்ளி மேலே. ஒரு காலையில் முடிகிற வேலை இல்லை அது.

பெனிக்குக்கு எதிரே உட்கார்ந்து ஸனம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்கும் ஒரு தட்டு எடு," என்றான் பெனிக். பிறகு என்னிடம் மெதுவாக, "இன்னிக்கு ஒரு நாள் எண்ணாதீங்கண்ணே."

மூவரும் சாப்பிட்டோம். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? மறுநாள் காலை எண்ணினேன். எதிர்வீட்டில் புகை இல்லை. இறைச்சியில் மிச்சம் எதுவும் இல்லை. வீடுகளில் மிச்சம், ஆறு.