பாலகன் காலடிச் சீட்டு

“சொல்ல மாட்டேன். போப்பாண்டவரே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

ஜோவலின் கருவாட்டுக் கூடையை நங்கென்று கீழே வைத்தாள்.

எதிரே நின்ற டெல்ஃபினுக்கு முகம் சிவந்தது. அவள் கணவன் எமிலின் அண்ணன் அவர்.

“பன்னிரண்டே பன்னிரண்டு வார்த்தை. சொன்னா உன் நாக்கு தேஞ்சு போயிடுமா? நானும் எமிலும் கைப்பேசியில கண்ணு எரிய எரிய விளையாடிச் சேர்த்த கிரிப்டோ காசு அது. அவன் கப்பலேறிட்டான். சாவி உன்கிட்ட. என் படகு எஞ்சின் இருமிக்கிட்டுக் கிடக்கு.”

“அதுக்குத்தான் நான் டீசல் போடறேனே, மனோய்?” கணவனைப் போலவே அவளும் அண்ணனை மனோய் என்றுதான் அழைப்பாள்.

“போடறே, சொட்டு மருந்து மாதிரி! மொத்தமா எடுத்தா புது எஞ்சினே வாங்கலாம்.”

“அந்தப் பன்னிரண்டையும் வரிசையாத் தெரிஞ்சவன் எவனோ, அவன்தான் காசுக்குச் சொந்தக்காரன். பறிபோனா பாங்க்ல போய் அழ முடியாது, போலீசும் தேடித் தராது. அண்ணன் யாரு, திருடன் யாருன்னு அந்தப் பூட்டுக்குத் தெரியாது.”

“அப்ப நான் திருடனா?”

“நான் அப்படிச் சொல்லலை.”

திருவிழாவுக்காகப் பாலக இயேசுவுக்குச் சிவப்பு வெல்வெட் அங்கி மாட்டிக்கொண்டிருந்த மாமியார் திரும்பினாள்.

“எம் மகன் அந்த வார்த்தைகளை அட்டையில கொட்டை கொட்டையா எழுதி, இந்தப் பாலகன் காலடியில ஒட்டி வச்சிருந்தான். சாமியை மீறி எவன் கை வைப்பான்னு! என் பிறந்தநாள் முடிஞ்ச மறுநாளே இவ கிழிச்செடுத்துட்டா. சாமி மேலேயே சந்தேகம்!”

“சாமி மேல இல்லை, அத்தை.”

“அப்ப எங்க மேல. அவ்வளவு காசை முடிஞ்சு வச்சுக்கிட்டு, கருவாடு காயப்போடக் கூலிக்குப் போறா பாரு. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?”

டெல்ஃபின் தம்பியை அழைத்தார். நடுக்கடலிலிருந்து எமிலின் குரல் விட்டுவிட்டு வந்தது.

“ஜோவலின் சொன்னா சரிதான், மனோய்.”

“தலையணை மந்திரம்! கப்பல் வரைக்கும் எட்டுதே! ஜோவலின், மைத்துனன் காசை அமுக்கினவள்னு ஊர் முழுக்கச் சொல்வேன். தெருவுல தலைநிமிர்ந்து நடக்க முடியாது உன்னால.”

“தாராளமாச் சொல்லுங்க. நிமிர்ந்துதான் நடப்பேன். வார்த்தை மட்டும் வராது.”

வெளியே, “பிட் செஞோர்!” என்று பாலகனைக் கூவி அழைத்துத் திருவிழாக் கூட்டம் ஆர்ப்பரித்தது. பக்கத்து வீட்டுக் கரோக்கே பெட்டி உறுமியது. “டெல்ஃபின்! மைக் காத்திருக்கு, வாய்யா!” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அவர் வாசலில் நின்று திரும்பினார்.

“இந்த வீட்டுலதான் எனக்கு மதிப்பில்லை. அம்மா பிறந்தநாளுக்கு இதே கூடத்துல நேரலையாப் பாடினேனே, முன்பின் தெரியாதவனெல்லாம் பார்த்துட்டு இதயம் போட்டான். தெரியுமா?”

“தெரியும், மனோய். போய்ப் பாடுங்க.”

பாட்டு தொடங்கியது. தெரு அடங்கியது. மனைவியைப் புதைத்த நாளிலிருந்து வாய் திறக்காமல் கிடந்த மனிதர். அந்தப் பிறந்தநாளன்றுதான் மறுபடி பாட வந்தார். இன்னமும் உயரே போகும்போது குரல் கொஞ்சம் உடைகிறது.

ஜோவலின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தன் கைப்பேசியில் அந்த நேரலையின் பதிவைத் திறந்தாள். டெல்ஃபினின் முகநூல் பக்கத்திலிருந்து அதை எமில் எப்போதோ நைசாக நீக்கிவிட்டான். மிச்சம் இருப்பது இந்த ஒரு பிரதிதான். அவள் பேர் கெட்டுப் போகாமல் காப்பாற்ற, உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி.

திரையில் டெல்ஃபின் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். அவர் தலைக்குப் பின்னால், பாலகன் காலடியில், பன்னிரண்டு வார்த்தைகளும் பளிச்சென்று தெரிந்தன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எவனோ படித்தான். அன்று அந்தப் பாட்டு முடிவதற்குள் கிரிப்டோ காசு இருந்த வாலட் காலி.

வெளியே கைதட்டல் கேட்டது.

அவள் அந்தப் பிரதியையும் அழித்தாள். கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தலைநிமிர்ந்து தெருவில் இறங்கினாள். பாடியவர் படகுக்கு டீசல் போட வேண்டும்.