பெருமாயி அளந்த தலை

துரையின் ஆள் கடப்பாரையை ஓங்கியபோது பெருமாயி தன் புருஷனைப் புதைத்த குழிமேட்டின் மேல் போய் நின்றுகொண்டாள்.

மலைமேல் இருக்கும் பெரக்கரை நாட்டுக்கு ஏறி வந்திருந்த வெள்ளைக்காரத் துரைக்கு வேண்டியது ஒரு மண்டையோடு. மனிதன் குரங்கிலிருந்து வந்தவனாம். குரங்குக்குச் சின்னத் தலை, மலையாட்களுக்கு நடுத்தரம், துரைமாருக்குப் பெரிது. அதை நிரூபிக்க ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டுமாம்.

கூட வந்த பாதிரியார், கடவுள் மண்ணைப் பிசைந்து செய்தவன் மனிதன் என்று வழியெல்லாம் சண்டை பிடித்திருந்தார். நாங்கள் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்றார் ஊர்க்கவுண்டர் காளியண்ணன். துரை சர்க்கார் உத்தரவைக் காட்டியதும் அவரும் அடங்கிவிட்டார்.

குழிக்குள் கிடப்பவரைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

காலையில் ஊரார் தலைகளையெல்லாம் துரை அளந்திருந்தார். இப்போது துரையின் தலையைத் தான் அளக்க வேண்டும் என்றாள் பெருமாயி. அவர் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றினார். அவள் ஒரு நார்க்கயிற்றை அவர் தலையில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

தன் புருஷனுக்குத் தலைப்பாகை எடுக்க அளந்த கயிறு வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். அது சின்னதாக இருந்தால் தோண்டிக்கொள்ளட்டும். பெரிதாக இருந்தால் மலையிறங்கிப் போய்விட வேண்டும்.

துரை உடனே ஒப்புக்கொண்டார். தோற்போம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

அவள் ஓட்டமாய்ப் போய் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"நீங்களே பாருங்க சாமி. இது உங்க தலைங்க, இது எங்க ஊட்டுக்காரரு தலைங்க."

நாலு விரற்கடை வித்தியாசம்.

நம்பாமல் பெரிய கயிற்றை வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்தார் துரை. அது நழுவி மூக்கில் வந்து நின்றது. முகத்தைச் சுளித்தார். பாதிரியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

துரை சொன்ன சொல் தவறவில்லை, அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். கடப்பாரையும் காலிப் பெட்டியும் மலையிறங்கின. பெண்கள் குலவையிட்டார்கள். புருஷன் போன பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பெருமாயி அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

வீட்டு வாசலில் கன்றுக்குட்டி அவிழ்ந்து நின்று, காயப்போட்ட தினையைத் தின்றுகொண்டிருந்தது. அவள் அதை ஒரு வார்த்தை திட்டவில்லை.

பெரிய கயிற்றை எடுத்து அதன் கழுத்தில் மறுபடியும் மாட்டினாள்.