பிழைத்த முயல்

"‘ற’வுக்கும் ‘ரு’வுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைக்குக் கதைப் புத்தகம் ஒரு கேடா?"

முயல் படம் போட்ட புத்தகம் தலைமையாசிரியையின் மேசைமேல் பொத்தென்று விழுந்தது. எறிந்தவர் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அப்பா, அச்சகத்தில் பிழை திருத்துபவர். பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் அறிவிப்புகளை எல்லாம் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புகிற புண்ணியவான். அதனால் ஆசிரியர் அறையில் அவருக்குப் பெயரே ‘சிவப்பு மை’தான்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தினமும் கடைசி வகுப்பில் பாடப் புத்தகத்தை மூடிவிட்டுக் கதை வாசிக்கலாம், பிடித்த புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டலாம் என்பது அவள் ஏற்பாடு. புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விட்ட பிள்ளைகள் இப்போது ஒன்றுக்கொன்று முட்டிமோதி எடுக்கின்றன.

இதற்காக அவள் தலைமையாசிரியையிடம் நடையாய் நடந்திருந்தாள். அந்த அம்மாளுக்கு இதில் அரை மனதுகூடக் கிடையாது. நிறுத்துவதற்கு ஒரு சாக்குதான் வேண்டியிருந்தது. இப்போது அது சட்டைப் பையில் பேனாவோடு எதிரே வந்து நிற்கிறது.

சிவப்பு மை ஓய்வதாக இல்லை. ஒரு வாரமாக மகள் இதே புத்தகத்தைத்தான் வாசிக்கிறாளாம். ஒரே இடத்தில் ஒரே பிழை, இவர் திருத்துகிறார், மறுநாளும் அதே பிழை. முதல் நாள் மட்டும் ஒழுங்காக வாசித்தவள், இந்த டீச்சரிடம் வந்து வந்து உள்ளதையும் மறந்துவிட்டாள் என்றார்.

"ஒரு நாளாவது கதையைக் கேட்டீங்களா சார்?" என்றாள் டீச்சர். பல்லிடுக்கில்தான் வார்த்தை வந்தது.

"நான் எழுத்தைத்தாம்மா பார்ப்பேன். கதைக்குள்ள போனா பிழை தப்பிடும். எனக்குச் சோறு போடுறது எழுத்து."

அம்மாவைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லலாமே என்று தலைமையாசிரியை நைசாகச் சொல்லிப் பார்த்தார். "நான்தான் கவனிக்கிறேன்" என்று வெட்டினார் அவர். சிறுமி இந்த வருஷம்தான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள். அவள் வீட்டைப் பற்றி இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இரட்டைப் பின்னல், ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்ததும் தயங்காமல் வாசித்தாள்.

"மழை விடவே இல்லை. குட்டிகள் திரும்பி வந்து பார்த்தன. அம்மா முயல் வளைக்குள்ளேயே இருந்தது."

"கேட்டீங்களா?" சிவப்பு மை புத்தகத்தைப் பிடுங்கி நீட்டினார். "கொட்டை எழுத்துல ‘இறந்தது’ன்னு போட்டிருக்கு. இவ ‘இருந்தது’ங்கிறா. இந்த ஒரு எழுத்துப் பிழையை அச்சுல விட்டா என் வேலையே போயிடும். உங்களுக்கு இது விளையாட்டா இருக்கு."

தலைமையாசிரியைக்குக் கை தட்டாத குறைதான். திங்கட்கிழமையிலிருந்து கதை நேரம் கிடையாது என்றும், அந்த நேரத்தில் எழுத்துப் பயிற்சி நடக்கும் என்றும் அங்கேயே அறிவித்துவிட்டார்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரையும் பிடிக்கவில்லை, அவர் சட்டைப் பைப் பேனாவையும் பிடிக்கவில்லை. சாக்பீஸை எடுத்து மூலையில் சாத்தியிருந்த கரும்பலகையில் விறுவிறுவென்று எழுதினாள். ‘பருந்து பறந்தது. மருந்தை மறந்தது.’

"வாசிடி கண்ணு."

தண்ணீர் பட்ட பாடாக வாசித்தாள் சிறுமி. ‘ற’ ‘ற’வாகவும் ‘ரு’ ‘ரு’வாகவும் பிசகாமல் வந்து விழுந்தன. டீச்சர் நிமிர்ந்து இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை.

"அப்போ தெரிஞ்சேதான் தப்பா வாசிக்கிறா" என்றார் சிவப்பு மை. முகம் கறுத்துப்போயிருந்தது. "தெரியாமப் பண்ணினா பிழை. தெரிஞ்சே பண்ணினா திமிர். இதைத்தான் இங்க சொல்லிக் கொடுக்கிறீங்களா?"

கதை படித்தால் பிள்ளைகளுக்குப் பொய்தான் வரும் என்று தான் அப்போதே சொன்னதாகத் தலைமையாசிரியை ஒத்து ஊதினார். இப்போது டீச்சரின் கோபமெல்லாம் சிறுமியின் பக்கம் திரும்பியது. ஒரு வார்த்தையைச் சரியாக வாசித்துத் தொலைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவள் தோளைப் பிடித்து அலமாரிப் பக்கம் இழுத்துப் போனாள். உன் ஒருத்தியால் வகுப்பில் யாருக்குமே கதைப் புத்தகம் இல்லாமல் போகப்போகிறது, எதற்காக இப்படிச் செய்தாய், மரியாதையாக உண்மையைச் சொல் என்று அதட்டினாள்.

சிறுமி அப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு டீச்சரின் காதுக்கு எம்பினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ரகசியம் பேசவா தெரியும்? அறை முழுக்கக் கேட்டது.

"‘அம்மா இறந்தது’ன்னு சரியா வாசிச்ச அன்னிக்கு, அப்பா சாப்பிடவே இல்ல டீச்சர்."